குதிரை லாயத்திலிருந்து வீட்டுக் கூடம் வரை

பிரிட்டிஷ் குதிரைப்படையில் லாடம் அடிப்பவருக்கு இரண்டு வேலைகள் இருந்தன. குளம்பைச் செதுக்கி இரும்பு அடிப்பது ஒன்று. காயம்பட்டு எழ முடியாமல் கிடக்கும் குதிரையைக் கொல்வது மற்றொன்று. அதற்கென்றே ஒரு பக்கம் அலகும் மறுபக்கம் கூர்முனையும் உள்ள கோடரி அவரிடம் இருக்கும். கூர்முனை கொல்வதற்கு. அலகு, இறந்த குதிரையின் குளம்பைத் துண்டாக்குவதற்கு. குதிரையின் எண் குளம்பில் சூடுபோட்டுப் பொறிக்கப்பட்டிருக்கும். அதைக் கொண்டுபோய்க் காட்டினால்தான் குதிரை இறந்ததாகக் கணக்கில் எழுதுவார்கள். படைக் குதிரையைக் கள்ளத்தனமாக விற்றுவிட்டுச் செத்துப்போனதாகச் சொல்வதைத் தடுக்க வந்த ஏற்பாடு அது.

புனே அப்படிப்பட்ட குதிரைப்படை ஊர். 1817 நவம்பரில் கட்கிச் சண்டையில் பேஷ்வாவின் படையை வென்ற கிழக்கிந்தியக் கம்பெனி, பழைய நகரத்துக்கு வெளியே படைக் குடியிருப்பை அமைத்தது. பூனா ஹார்ஸ் என்ற குதிரைப்படை உருவானதும் அதே ஆண்டில்தான். 1830இல் ராணுவ நிலத்தில் குதிரைப் பந்தய மைதானம் வந்தது. அதற்குத் தெற்கே இருக்கும் வானவடிக்கு அதற்கும் முந்தைய வரலாறு உண்டு. வட இந்திய அரசியலை ஆட்டிப்படைத்த மராட்டியத் தளபதி மகாத்ஜி ஷிண்டே 1794 பிப்ரவரி 12 அன்று இங்கேதான் இறந்தார். அவருக்கு எரியூட்டிய இடத்தில் நிற்கும் ஷிண்டே சத்ரி என்ற நினைவு மண்டபம்தான் வானவடியின் அடையாளம். விடுதலைக்குப் பிறகு, 1948இல், ஆயுதப்படை மருத்துவக் கல்லூரி இங்கே தொடங்கப்பட்டது. ஓய்வுபெற்ற ராணுவத்தினரின் குடும்பங்கள் குடியேறின. பங்களாக்கள் இருந்த தெருக்களில் அடுக்குமாடிகள் எழுந்தன. காலையிலும் மாலையிலும் நாய்களோடு நடப்பவர்களை இந்தத் தெருக்களில் நிறையவே பார்க்கலாம். அந்த வீடுகளில் நாய்க்கோ பூனைக்கோ வயது முதிர்ந்து, நோய் முற்றி, இனி எதுவும் செய்வதற்கில்லை என்ற நிலை வரும்போது, மருத்துவர் வீட்டுக்கே வந்து அதன் முடிவை அமைதியாக்கித் தருவது இப்போது மெல்லப் பரவிவரும் வழக்கம். கோடரியிலிருந்து இந்த இடத்துக்கு வர இந்தியக் கால்நடை மருத்துவத்துக்கு ஒன்றரை நூற்றாண்டு ஆனது.

அந்தப் பயணத்தின் தொடக்கமும் புனேதான். ராணுவத்துக்கான முதல் கால்நடைப் பள்ளி 1862இல் இங்கே திறக்கப்பட்டது. பம்பாய்க் கால்நடைக் கல்லூரி 1886இல்தான் வந்தது. சென்னைக் கால்நடைக் கல்லூரிக்கு 1903 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் என்று அறியப்படும் அமைப்பும் புனேயில் பிறந்ததே. 1889 டிசம்பர் 9 அன்று, அறிவியல் கல்லூரி வளாகத்தில் இம்பீரியல் பாக்டீரியாலஜிகல் லேபரட்டரி என்ற பெயரில் அது தொடங்கியது. ஆல்பிரட் லிங்கார்ட் என்ற மருத்துவர் பொறுப்பேற்றார். நான்கே ஆண்டுகளில் இமயமலைப் பகுதியில் உள்ள முக்தேசுவருக்கு அது இடம்பெயர்ந்துவிட்டது.

இந்த நிறுவனங்கள் எதுவும் தனியொரு விலங்கை நினைத்து எழுந்தவை அல்ல. படைக்குக் குதிரை வேண்டும், பீரங்கி இழுக்க மாடு வேண்டும், வெக்கைநோய் வந்தால் வேளாண்மை படுத்துவிடும். கவலை அவ்வளவுதான். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸிலிருந்து ‘வேலர்’ குதிரைகளைக் கப்பல் கப்பலாகச் சென்னையிலும் கல்கத்தாவிலும் இறக்கினார்கள். வேலைக்கு ஆகாது என்று முடிவான குதிரையைக் ‘காஸ்ட்’ செய்வார்கள், அதாவது படைக் கணக்கிலிருந்து கழிப்பார்கள். கழித்ததை ஏலம் விடுவார்கள் அல்லது சுடுவார்கள். 1899இல் வந்த கிளாண்டர்ஸ் சட்டம் இன்னும் கறாரானது. மனிதருக்கும் தொற்றும் அந்த நோய் கண்ட குதிரையைக் கொன்றே ஆக வேண்டும். ஆக, இந்த நாட்டின் தொடக்ககாலக் கால்நடை மருத்துவர் ஒரு விலங்கின் மரணத்தை முடிவு செய்தபோதெல்லாம் அவர் பின்னால் ஒரு பதிவேடோ ஒரு சட்டமோ நின்றது. அந்த விலங்கின் வலி கணக்கில் வந்ததே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அது கடைசி வரியில்தான் வந்தது.

ஏலம் விடப்பட்டவற்றின் கதி சுடப்பட்டவற்றைவிடக் கொடியது என்பதை உலகத்துக்குக் காட்டியவர் டோரதி புரூக். இந்தியாவில் அல்ல, எகிப்தில். முதல் உலகப்போர் முடிந்ததும் பிரிட்டிஷ் படை ஆயிரக்கணக்கான குதிரைகளைக் கெய்ரோவில் விற்றுவிட்டுப் போனது. 1930இல் கணவரின் ராணுவப் பணி காரணமாக அங்கே வந்த புரூக், பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தக் குதிரைகள் எலும்பும் தோலுமாக வண்டி இழுப்பதைக் கண்டார். 1931இல் லண்டன் ‘மார்னிங் போஸ்ட்’ பத்திரிகைக்கு அவர் எழுதிய கடிதத்தைப் படித்தவர்கள் பணம் அனுப்பினார்கள். அதை வைத்து ஏறத்தாழ 5,000 குதிரைகளை வாங்கினார். பெரும்பாலானவை காப்பாற்றும் நிலையைக் கடந்தவை. அவற்றை அவர் உடனே சுடச் சொல்லவில்லை. சில நாள் நல்ல தீனி, கால் மடக்கிப் படுக்க மெத்தென்ற வைக்கோல், நிழல், தண்ணீர். அதற்குப் பிறகே முடிவு. 1934இல் கெய்ரோவில் அவர் தொடங்கிய மருத்துவமனையிலிருந்து வளர்ந்ததுதான் இன்று இந்தியா உட்படப் பல நாடுகளில் இயங்கும் புரூக் அமைப்பு. கணக்குக்காக நடந்த கொலைக்கும் ஓர் உயிரின் கடைசி நாள்களைக் கவனிப்பதற்கும் உள்ள தொலைவை அந்த வைக்கோல் படுக்கை கடந்துவிட்டது. இன்றைய வீட்டுச் சிகிச்சையின் மூதாதை யார் என்று கேட்டால், மருத்துவப் பட்டம் பெறாத இந்தப் பெண்மணியைத்தான் காட்ட வேண்டும்.

இந்தியாவில் வேறொரு தடை இருந்தது. இங்கே கொல்வதே பாவம்.

பம்பாயில் 1832 ஜூன் 6 அன்று நடந்த நாய்க் கலகம் அதற்கு நேரடிச் சான்று. தெருநாய்களைக் கொன்றால் தலைக்கு இவ்வளவு என்று கம்பெனி அரசு காசு கொடுத்துவந்தது. கூலிக்கு ஆசைப்பட்டு வீட்டு நாய்களையும் அடித்துக் கொன்றதாகப் புகார் கிளம்பியது. நாயைப் புனிதமாக மதிக்கும் பார்சிகள் தெருவில் இறங்கினார்கள். கடைகள் அடைக்கப்பட்டன. கோட்டைக்குள் இருந்த வெள்ளையருக்கு ரொட்டியும் இறைச்சியும் போகவில்லை. படையை அழைக்கும் அளவுக்கு நிலைமை முற்றியது. இரண்டு ஆண்டு கழித்து, 1834இல், ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய் என்ற பார்சி வணிகரும் மோதிசந்த் அமிசந்த் என்ற சமண வணிகரும் முன்னின்று பம்பாய் பாஞ்சராபோல் அமைத்தார்கள். வயதான, நோயுற்ற, கைவிடப்பட்ட விலங்குகள் தம் காலம் முடியும்வரை இருப்பதற்கான இடம் அது. குஜராத்திலும் மகாராட்டிரத்திலும் இந்த மரபு வேரூன்றியது. வணிகர்கள் அள்ளிக் கொடுத்தார்கள். அங்கே உணவும் நிழலும் கிடைத்தன. வலி தீர்க்கும் வழி மட்டும் அந்தக் காலத்தில் இல்லை. புழுவைத்த புண்ணோடு ஒரு மாடு இருபது நாள் கிடந்தாலும் அது தானாகச் சாகும்வரை காத்திருப்பதே அறம் என்று நம்பினார்கள்.

அந்த நம்பிக்கையை உள்ளிருந்தே கேள்வி கேட்டவர் காந்தி. 1928இல் சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்று ஊனமுற்றுக் கிடந்தது. முடிந்ததெல்லாம் செய்து பார்த்தார்கள். மருத்துவர் கைவிரித்துவிட்டார். புரண்டு படுக்கக்கூட முடியாத வேதனை. ஆசிரமத்தாரோடு கலந்து பேசினார் காந்தி. உயிரை உண்டாக்க முடியாதவனுக்கு அதை எடுக்க உரிமை ஏது என்று ஒருவர் வாதாடினார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஒரு மருத்துவரை வரவழைத்துத் தம் கண்முன்னே ஊசி போடச் செய்தார். இரண்டு நிமிடத்துக்குள் முடிந்தது. அத்தோடு விட்டிருந்தால் வெளியே தெரிந்திருக்காது. செய்ததை அவரே ‘நவஜீவன்’ இதழிலும், அக்டோபர் 4 அன்று ‘யங் இந்தியா’விலும் எழுதினார். கோபக் கடிதங்கள் குவிந்தன. வேறு வழியே இல்லாதபோது வேதனையை முடித்துவைப்பதும் அகிம்சையே என்ற நிலையிலிருந்து அவர் இறங்கவில்லை. அந்தக் கன்றின் இடத்தில் ஒரு மனிதப் பிள்ளை இருந்தால் என்ன செய்வீர்கள் என்ற கேள்வியையும் அவர் தட்டிக்கழிக்கவில்லை.

இந்த விவாதத்தின் ஆழம் அதற்குப் பிறகு வந்த எந்தச் சட்டத்திலும் இல்லை என்றே சொல்ல வேண்டும். ஆனால் சட்டமும் வந்தது, அதற்கு வித்திட்டவர் நமக்கு நெருங்கியவர். மாநிலங்களவை உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேல் 1953இல் விலங்கு வதைத் தடுப்புக்கான தனிநபர் மசோதாவைக் கொண்டுவந்தார். அரசே முழுமையான சட்டம் இயற்றும் என்று நேரு உறுதி சொன்னதும் அதைத் திரும்பப் பெற்றார். 1960இல் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. 1962இல் விலங்குகள் நல வாரியம் அவர் தலைமையில் சென்னையில் அமைந்தது. பரதநாட்டியத்தை மீட்டவர் என்று மட்டும் அவரை நினைவுகூர்வது பாதிக் கதைதான். அந்தச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, உயிரோடு வைத்திருப்பதே கொடுமை என்ற நிலையில் உள்ள விலங்கின் துன்பத்தை முடிக்க வழி செய்கிறது. உரிமையாளர் இல்லாவிட்டாலோ மறுத்தாலோ காவல்துறையினர் கால்நடை மருத்துவரை அழைத்துச் சான்று பெற வேண்டும். தெருநாய்களுக்கான 2001 விதிகளில் இன்னொரு வரி சேர்ந்தது. எந்த நாயையும் மற்றொரு நாயின் கண்ணெதிரே கருணைக்கொலை செய்யக் கூடாது. குளம்பை வெட்டிக் கணக்குக் காட்டிய நாட்டில் இப்படியொரு வரி அரசிதழில் ஏறியது சின்ன விஷயமல்ல.

அறம் ஒரு பக்கம் இருக்க, மருந்தும் வர வேண்டியிருந்தது. துப்பாக்கி, குளோரோபாம் நிரப்பிய பெட்டி என்று இருந்த காலத்தில் யாரும் தங்கள் நாயை மடியில் வைத்துக்கொண்டு வழியனுப்ப முடியாது. 1930 வாக்கில் பெண்டோபார்பிட்டலும், 1934இல் தயோபென்டோனும் மயக்க மருந்துகளாகப் புழக்கத்துக்கு வந்தன. நரம்பு வழியே செலுத்தினால் சில நொடிகளில் ஆழ்ந்த தூக்கம், அளவு கூடினால் மூச்சும் இதயமும் நின்றுவிடும். அறுவைக்குத் தூங்கவைக்கும் அதே மருந்துதான் முடிவையும் தருகிறது. பெண்டோபார்பிட்டல் போதைப்பொருள் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் வருவதால் எளிதில் கிடைப்பதில்லை. இந்தியாவில் தயோபென்டோனையே பெரும்பாலும் கையாள்கிறார்கள்.

நாய்க்கு மதிப்போடு விடைகொடுப்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. கருந்தேவக்கத்தி என்ற வீரன் இறந்த பிறகும், அவனுடைய நாய் கோவிவன் திருடர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற செய்தியை அது சொல்கிறது. 1,400 ஆண்டுகளாக அந்த நாயின் பெயர் கல்லில் நிற்கிறது. மகாராட்டிரத்தில் ராய்கட் கோட்டையில் சிவாஜியின் சமாதிக்கு அருகே வாக்யா என்ற நாயின் சிலை உண்டு. சிதையில் பாய்ந்த நாய் என்பது மக்கள் சொல்லும் கதை. வரலாற்றில் அப்படியொரு நாய் இருந்ததா என்று இப்போதும் சச்சரவு நடக்கிறது. புனேயில் பயிற்சி பெற்ற ஜஞ்சீருக்கு அந்தச் சிக்கல் இல்லை. சிஐடி நாய்ப் பயிற்சி மையத்திலிருந்து 1992 டிசம்பரில் மும்பைக் காவல்துறையில் சேர்ந்த லாப்ரடார் அது. 1993 மார்ச் மும்பைக் குண்டுவெடிப்புகளின்போது 3,329 கிலோ ஆர்டிஎக்ஸ் வெடிமருந்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தது. 2000 நவம்பர் 16 அன்று எலும்புப் புற்றுநோயால் இறந்தபோது முழு அரசு மரியாதையோடு அடக்கம் செய்தார்கள்.

அதே காலத்தில் ராணுவ நாய்களுக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. பணிக்கு ஆகாத நாய்களைக் கருணைக்கொலை செய்வதே நடைமுறை. 2015இல் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்ட கேள்விக்கு வந்த பதிலில் அது வெளிப்பட்டதும் நாடே அதிர்ந்தது. விவகாரம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. கொள்கையை மாற்றுவதாக அரசு ஒப்புக்கொண்டது. இப்போது ஓய்வுபெற்ற நாய்களைத் தத்துக் கொடுக்கிறார்கள், மீரட்டில் பராமரிக்கவும் செய்கிறார்கள். குதிரையைக் கழித்துக் கட்டிய 19ஆம் நூற்றாண்டுப் பழக்கம் 2015 வரை வேறொரு விலங்கின் பெயரில் உயிரோடு இருந்திருக்கிறது. வானவடி மாதிரியான ராணுவக் குடியிருப்புகளில் இதை உள்ளூர அறிந்தவர்கள் பலர் இருந்திருப்பார்கள்.

வீட்டுக்கு வந்து சேவை செய்யும் மருத்துவர்களின் இயக்கம் இன்றைய வடிவில் அமெரிக்காவில் உருவானது. ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற புற்றுநோய்க் கால்நடை மருத்துவர் 2004இல் ஓர் அளவுகோலை வெளியிட்டார். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாள்களைவிட நல்ல நாள்கள் அதிகமா என்று ஏழு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண். கூட்டினால் 35க்கு மேல் வந்தால் தொடர்ந்து பராமரிக்கலாம். 2009இல் புளோரிடாவில் டேனி மெக்வெட்டி வீட்டுச் சேவைக்கென்றே ஓர் அமைப்பைத் தொடங்கினார். இந்தியாவில் குடும்ப மருத்துவர் வீட்டுக்கு வருவது பழைய வழக்கம்தான். ஆனால் முடிவுக்காலப் பராமரிப்பைத் தனிப் பணியாகவே எடுத்துக்கொண்ட கால்நடை மருத்துவர்கள் பெருநகரங்களில் தலையெடுத்தது அண்மையில்தான்.

அவர்கள் வேலை ஊசியோடு தொடங்குவதில்லை. “டாக்டர், நேரம் வந்துவிட்டதா?” என்று கேட்பவர்களில் பலருக்கு இன்னும் சில வாரங்களைத் தர முடியும். வழுக்காத விரிப்பு, படுக்கைப்புண் வராமல் திருப்பிப் போடுதல், மூட்டுவலிக்கு மருந்து, சிறுநீரகம் பழுதான பூனைக்குத் தோலுக்கடியில் திரவம். (மனிதருக்கான வலி மாத்திரையைக் கையில் எடுத்துவிடக் கூடாது. ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரைகூடப் பூனையைக் கொன்றுவிடலாம்.) இவையெல்லாம் பலன் தராத கட்டத்தில்தான் அடுத்த பேச்சு. சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். முதலில் தூக்க ஊசி. அதன் பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள். விலங்கு தன் வழக்கமான இடத்தில், தனக்குத் தெரிந்த வாசனைகளுக்கு நடுவே, தலையை யாராவது தடவிக்கொண்டிருக்க, ஆழ்ந்து உறங்கிவிடும். பிறகே நரம்பில் ஊசி ஏற்றி மயக்க மருந்தைக் கூடுதல் அளவில் செலுத்துவார்கள். கண் மூடாது, சில வேளை தசை துடிக்கும், ஒரு பெருமூச்சு வரும், சிறுநீர் பிரியும். இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லிவைக்காவிட்டால் குடும்பத்தார் வலி என்று நினைத்துப் பதறிப்போவார்கள். நல்ல மருத்துவர் சொல்லிவைப்பார். ஸ்டெதஸ்கோப்பை வைத்து இதயம் நின்றதை உறுதிசெய்த பிறகே மற்றது.

மருத்துவமனை மேசையில் இதைச் செய்ய முடியாதா? முடியும், தினமும் நடக்கிறது. ஆனால் இடுப்பு செயலிழந்த ஒரு ஜெர்மன் ஷெப்பர்டை மூன்றாம் மாடியிலிருந்து இறக்கி, காரில் ஏற்றி, வெள்ளை ஓடுகளும் மருந்து நெடியும் உள்ள அறைக்குக் கொண்டுபோவதற்குள் அது நடுங்கிவிடும். ஆயுளின் கடைசி ஒரு மணி நேரத்தை அச்சத்தில் கழிக்க வைப்பதற்கு நியாயமான காரணம் எதுவும் இல்லை. வீட்டில் இன்னொரு நாய் இருந்தால், எல்லாம் முடிந்ததும் அது வந்து முகர்ந்து பார்க்கவும் வீடுதான் இடம் தருகிறது. பிறகு நாள்கணக்கில் வாசலில் உட்கார்ந்து தேடுவது அதனால் குறைவதாக நாய் வளர்ப்பவர்கள் சொல்கிறார்கள்.

இந்தப் பணியைச் செய்பவர்களைப் பற்றியும் பேச வேண்டும். பிரிட்டனில் கால்நடை மருத்துவர்களின் தற்கொலை விகிதம் பொதுமக்களைவிட மூன்று நான்கு மடங்கு என்று ஆய்வுகள் காட்டின. மரணத்தோடு தினமும் பழகுவதும், கையருகிலேயே மருந்து இருப்பதும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. நம் ஊரில் இன்னொரு சுமையும் கூடுகிறது. ஊர் மாற்றம், வீட்டு உரிமையாளரின் கண்டிப்பு, செலவு என்று காரணம் சொல்லி, பிழைக்கக்கூடிய விலங்கை முடித்துவிடச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு மறுப்புச் சொல்வதும் இந்த மருத்துவர் கடமைதான். காரணமில்லாமல் விலங்கைக் கொல்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவின்படி ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். எதிர்ப்பக்கத்தில், பாவம் வந்து சேரும் என்று அஞ்சி, கதறும் விலங்கை வைத்துக்கொண்டு கையைப் பிசைபவர்கள். சமணக் குடும்பமோ பிராமணக் குடும்பமோ, அந்த அச்சத்தை இகழ்ந்து ஒதுக்க முடியாது. பாஞ்சராபோலைக் கட்டியது அதே அச்சம்தான். அவர்களிடம் சபர்மதிக் கன்றின் கதையைச் சொல்வதைவிட நல்ல வழி தோன்றவில்லை.

மருத்துவர் கிளம்பும் முன் இன்னொரு கேள்வி எழும்: எங்கே கொண்டுபோவது? வானவடியின் பழைய பங்களாக்களில் இந்தக் கேள்விக்கே இடமில்லை, தோட்டத்தில் மாமரத்தடியில் குழி தோண்டினார்கள். எட்டாம் மாடியில் குடியிருப்பவருக்கு மரமும் இல்லை, மண்ணும் இல்லை. குப்பை வண்டியில் ஏற்ற மனம் வராது. மும்பை மாநகராட்சிகூட வளர்ப்பு விலங்குகளுக்கான எரிவாயுத் தகனமேடையை மலாடில் 2023இல்தான் திறந்தது. வீட்டுக்கு வரும் மருத்துவர்கள் தகனத்துக்கான தொலைபேசி எண்ணையும் கையோடு வைத்திருக்கிறார்கள். போர்த்த ஒரு பழைய போர்வையை மட்டும் வீட்டாரையே எடுத்துவரச் சொல்கிறார்கள்.